வேப்பலோடை முத்தும் லேடக்ஸ் காப்புரிமையும்

தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி, மன்னார் வளைகுடாச் சிப்பியில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனாலும் அந்தச் செய்முறையின் அடிப்படையைக் காப்புரிமைச் சட்டம் ‘புதியது’ என்று ஏற்காது. சிப்பியின் இனப்பெருக்க உறுப்பில் சிறிதாகக் கீறி, ஓட்டில் கடைந்த மணியையும், அதை ஒட்டினாற்போல் வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் வைக்கிறார்கள். அந்தத் திசு வளர்ந்து மணியைப் பைபோல் மூடி, முத்துப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரக்கிறது. மணி, திசு இரண்டையும் சேர்த்து வைக்கும் இந்த முறையை ஜப்பானில் நிஷிகாவாவும் மிசேயும் 1907 வாக்கிலேயே கண்டறிந்துவிட்டார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே சீனர்கள் ஓட்டின் உட்புறத்தில் அச்சுகளை ஒட்டிப் பூச்சு ஏற்றினார்கள். அதில் திசுத் துண்டு இல்லை. ஆகவே மணியும் திசுவும் சேர்ந்த முறைக்கு ஒருவர் காப்புரிமை கோரினால், சீன முறை அந்தக் கோரிக்கையின் புதுமையைக் கெடுக்காது. கோரிக்கையிலுள்ள எல்லாக் கூறுகளும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால்தான் புதுமை போகும். இரண்டு ஆவணங்களை ஒட்டவைத்து வாதாடினால் அது வேறு கேள்வி: துறை அறிந்தவருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமா என்பது.

சிப்பி வேறு, கடல் வேறு, பிறகு எப்படிப் பழையதாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோரிக்கை ‘எந்த முத்துச்சிப்பியிலும்’ என்று விரிந்தால், ஒரேயொரு ஜப்பானிய உதாரணம் அதை வீழ்த்திவிடும். மன்னார் வளைகுடாச் சிப்பிக்கென்றே வகுத்த ஒரு படிநிலையாகச் சுருங்கினால், பொதுப்படையான பழைய எழுத்து அதைத் தொடாது.

லேடக்ஸுக்கும் இதே அளவுகோல்தான். ஸ்டைரீன்-பியூட்டடையீன் லேடக்ஸில் துகளின் விட்டம் 100 முதல் 200 நானோமீட்டர் என்று ஒருவர் கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆவணத்தில் அதே மூலப்பொருள், அதே விகிதம், அதே வெப்பநிலை. துகளின் அளவு மட்டும் எழுதப்படவில்லை. எழுதாததால் புதுமை தப்பியது என்பார்கள். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. பழைய குறிப்பை அப்படியே செய்துபார்த்தால் தவறாமல் அந்த அளவே வருமானால், அது அன்றே வெளிவந்த பொருள்தான். அளந்து சொன்னதால் புதிதாகிவிடாது. சில சமயம் மட்டும் வருகிறது என்றால், அன்றே வெளிவந்தது என்ற வாதம் நிற்காது. ஆகவே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுப்பவர், பழைய குறிப்பின்படி லேடக்ஸைத் தயாரித்து, துகளை அளந்து, முடிவைப் பிரமாணப் பத்திரமாக மனுவோடு சேர்ப்பது நல்லது.