உழைத்த உடம்புக்கும் பயிற்சி வேண்டும்

மலையேறிய கால்கள், ஓய்வுக்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுகின்றன. கேரள எல்லைத் தமிழர்களின் முதுமைக்குத் தேவை ஜிம் அல்ல; தினமும் சில நிமிடங்கள்.

மூணாறு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த பெண்ணிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால், பதிலாகச் சிரிப்புதான் வரும். காலையில் மேடு ஏறி, மாலையில் கொழுந்து மூட்டையுடன் எடை போடும் இடத்துக்கு இறங்கியவருக்கு அதற்கு மேல் என்ன பயிற்சி? பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வயலில் நாற்று நட்டவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் வேலை நின்ற பிறகு உடம்பு வேறு கணக்குப் போடுகிறது. தோட்ட வேலையும் வயல் வேலையும் ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை திருப்பிச் செய்ய வைப்பவை. கொழுந்து பறிப்பவருக்குக் கையும் தோளும் ஓயாது. கழுத்தும் முதுகும் சுமை தாங்கும். நடவு நடுபவருக்கு இடுப்பு வளைந்தது வளைந்தபடி. வயதாகும்போது மூட்டு வலி மிஞ்சுகிறது. "இத்தனை நாள் உழைத்தாயிற்று, இனி உட்காரட்டும்" என்று பிள்ளைகள் பாசத்தோடு சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நாற்பதைத் தாண்டியதும் தசை மெல்லக் கரைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. பயன்படுத்தாவிட்டால் இன்னும் சீக்கிரம் கரையும். உழைத்த காலத்து வலிமை, வங்கியில் போட்ட வைப்புத்தொகை போல இருபது வருடம் காத்திருப்பதில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு இதில் கூடுதல் நெருக்கடி உண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றதும் பலர் தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் இருக்கும் நகரத்துக்கோ இறங்க வேண்டியிருக்கிறது. பழகிய மேடும் பள்ளமும் போய், புது வீட்டின் வழுக்கும் டைல்ஸ் தரையும் உயரமான பஸ் படியும் எதிரே நிற்கின்றன.

பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் காட்சி வேறு. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரியவர்கள் தனியே காலம் கழிக்கும் வீடுகள் அங்கே உண்டு. வாசலில் குனிந்து கோலம் போட முடிகிற வரை பாட்டிக்கு யார் தயவும் தேவையில்லை. குனிய முடியாத நாளில் கோலம் மட்டும் நிற்பதில்லை. தரையில் விழுந்த மருந்துப் பட்டையை எடுக்கவும் ஆள் தேட வேண்டும்.

செயல்திறன் பயிற்சி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, பஸ்ஸில் கால் வைப்பது, ரேஷன் அரிசியைத் தூக்கி வருவது, குளியலறையில் தடுமாறாமல் திரும்புவது. அன்றாட வாழ்க்கை கேட்கும் இந்த வேலைகளுக்கு உடம்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அழகான புஜம் இதில் கணக்கில் வராது.

பிரச்சினை சிறியதல்ல. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதை எட்டியவர்கள் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6. 2031ல் கேரளத்தில் இது 20.9 சதவீதமாகும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021ல் வெளியிட்ட கணிப்பு. அதாவது ஐந்து பேரில் ஒருவர். தமிழகத்துக்கான கணிப்பும் 18.2 சதவீதம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தச் சாவுகளில் முதியோரின் பங்கே அதிகம்.

இனி என்ன செய்து என்ன பயன் என்ற அவநம்பிக்கைக்கு 1990லேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தொடைத் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

தன் நிலையை வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்கும் ஆணுக்கு 12க்கும் குறைந்தால் கால் பலம் போதாது. இன்னொன்று, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரிடம் நடந்த ஆய்வு 2022ல் வெளியானது. நிற்க முடியாதவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் மரண அபாயம் 84 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. இதைச் செய்யும்போது பக்கத்தில் ஆள் இருப்பது அவசியம்.

மருந்தும் எளிது. நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுதல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். சுவரோரமாக ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் ஒட்டி வைத்து நடத்தல். இரு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குதல். 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற இயக்கத்தோடு, மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வகுத்தது. பயறு, முட்டை, மீன் என்று புரதம் தட்டில் இருக்க வேண்டும். மார்பு வலி, தலைசுற்றல், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இடத்துக்குத் தக்க எச்சரிக்கையும் தேவை. பாலக்காட்டில் 2024 ஏப்ரலில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அங்கே பயிற்சி விடியற்காலையில்தான். இடுக்கியில் மழைக்காலத்துப் பாசிப்படி ஆபத்து, அங்கே வீட்டுக்குள்தான்.

தனியாகச் செய்தால் நான்கு நாளில் அலுத்துவிடும். பக்கத்து மலப்புறத்தில் 2012ல் தொடங்கிய 'மெக் 7' பயிற்சி இதைப் புரிந்துகொண்டது. 21 நிமிடத்தில் 21 பயிற்சி, மைதானத்தில் கும்பலாக, கட்டணமில்லை. 2024 கடைசியில் அது அரசியல் சர்ச்சையில் சிக்கினாலும், நடுவயதினரும் முதியவர்களும் காலையில் கூடுவார்கள் என்பது நிரூபணமாகிவிட்டது.

எல்லைத் தமிழர்களுக்கு இன்னொரு தடை, மொழி. மலையாளத்தில் மட்டும் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் தேவிகுளம் லயத்துப் பாட்டிக்கு உதவாது. முதியோர் ஆணையத்துக்காக 2025ல் தனிச் சட்டம் இயற்றிய மாநிலத்துக்கு இது பெரிய வேலையல்ல. வாரந்தோறும் கூடும் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், கடன் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, தமிழ் தெரிந்த ஒருவர் செய்து காட்டினால் போதும். செலவு, கூட்டத்தில் ஏற்கெனவே கிடக்கும் நாற்காலிகள்தான்.