ஊரே அமர்ந்த படிகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் டகோமா. 1910இல் அதன் மக்கள்தொகை 83,743. அதே ஆண்டு அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளிக்காகத் திறந்த விளையாட்டரங்கில் 32,000 பேர் உட்காரலாம். ஏறக்குறைய ஊரில் ஐந்தில் இருவருக்கு இடம்.

அதற்கு முன் அது கடலை நோக்கி இறங்கும் ஆழமான ஓடைப் பள்ளம். பூர்வகுடி விதவைகள் குடிசை போட்டு வாழ்ந்ததால் கிழவி ஓடை என்றே பெயர். அவர்கள் இருந்த இடத்தில்தான் படிகள் எழுந்தன; அரங்கின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். மேட்டில் ஒரு ரயில்வே நிறுவனம் தொடங்கிய ஓட்டல் 1893 பொருளாதார நெருக்கடியில் பாதியில் நின்று, 1898இல் தீப்பிடித்து, 1906இல் பள்ளியாக உயிர்பெற்றது. அதைப் பள்ளியாக மாற்றி வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃப்ரெடரிக் ஹீத்தான் ஓடையில் ஒரு மைதானத்தைக் கண்டவர். மண்ணை நிரவி, சரிவில் கான்கிரீட் படிகள் வார்த்தார்கள். 1913இல் பள்ளியே தன் பெயரை ஸ்டேடியம் உயர்நிலைப் பள்ளி என்று மாற்றிக்கொண்டது.

1911இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கே பேசினார். ஒலிபெருக்கி இல்லாத காலம். குரலும் படிகளின் வளைவுமே துணை. 1919இல் அதிபர் வில்சன் வந்தார், 1924இல் பேஸ்பால் வீரர் பேப் ரூத். மற்ற நாட்களில் பள்ளி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து.

1949 நிலநடுக்கத்தில் படிகள் சேதமடைந்தன. 1981இல் பெருமழையில், அடியில் செல்லும் மழைநீர் வடிகால் உடைந்து மைதானத்தின் ஒரு பகுதியை அரித்துச் சென்றது. மூடிவிட்ட ஓடை தன் வழியைக் கேட்டது போலத்தான் எனக்குப் படுகிறது. பின்னர் சீரமைத்தபோது அரங்கு பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

2020இல் டகோமாவின் மக்கள்தொகை 2,19,346. அரங்கில் இன்று சுமார் 15,000 பேர் உட்காரலாம்: பதினைந்தில் ஒருவருக்கு இடம். ஊர் ஒன்றாகக் கூடிக் கேட்ட பழக்கம் போனது பேரிழப்பு. ஆனால் 1999இல் வெளிவந்த ‘டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ’ படத்தில் ஹீத் லெட்ஜர் பாடியபடி ஓடுவது இந்தப் படிகளில்தான். டகோமாவைப் பார்த்திராதவர்களுக்கும் அவை பழக்கம். பள்ளியின் கால்பந்து அணிக்கோ இன்றும் அதுவே சொந்த மைதானம்.