பாட்டன் பிறந்த ஊர்



எங்கள் பாடசாலையின் மேல் வகுப்பு மாணவரிடம் ஒரு நாள், "உங்கள் பூட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தவர்?" என்று வினவினேன். இருவர் மட்டுமே ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்கள். ஏனையோர், "இந்தியா, ஐயா" என்றனர். அந்த விடை என் நெஞ்சை உறுத்தியது. மூதாதையரைத் தேடுவது எங்ஙனம் என்பது பற்றிச் சில கூற அதுவே காரணம்.

இத்தகைய தேட்டத்தில் பெரிதும் ஈடுபட்டவர்கள் அமெரிக்கர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதி மக்கள் பல்லாயிரவர் பிலடெல்பியாத் துறைமுகத்தில் வந்திறங்கினர். கப்பற் கட்டணம் கொடுக்க வழியற்ற பலர், அக்கடன் தீரும்வரை ஓர் எசமானனிடம் உழைக்க உடன்பட்டனர். பின்னர் அவர்தம் மக்கள் மேற்கே மலைச்சாரல்களிற் காடு வெட்டிக் குடியேறினர். கடன்பட்டு வந்து காடு வெட்டிய கதை நமக்குப் புதியதன்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. 1727 முதல், வந்திறங்கிய ஆடவரிடம் ஆங்கில அரசருக்கு விசுவாசம் கூறும் கையொப்பம் வாங்கப்பட்டது. எழுத்தர் செவியில் விழுந்தவாறு எழுதினார். மியூல்லர் என்பவர் மில்லர் ஆனதுமுண்டு. இருப்பினும் பெயர், கப்பல், நாள் என்னும் மூன்றும் ஏட்டில் நிலைத்தன.

நம்மவர் வந்த வழியில் அத்தகைய ஏடில்லை. 1820களிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர் எவருமிலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகரத்துண்டு தொங்கியது. அதிற் பொறித்திருந்தது சேர வேண்டிய தோட்டத்தின் குறியே. விட்டு வந்த ஊரன்று. தோட்டம் மாறுகையிற் கொடுத்த 'துண்டு' என்னும் சீட்டோ, ஆளின் கடன் இவ்வளவு என்றது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் உண்டு, உண்மைதான். ஆனால் ஒரே தோட்டத்திற் கறுப்பன் பலர், இராமாயி பலர். நம் பேச்சு வழக்கிலே 'பேர்' என்றாலே ஒரு நாட் கூலி அல்லவா!

இவ்வளவு கணக்காகக் கடனை எழுதியவர்கள் பிறப்பை அதே கவனத்தோடு எழுதவில்லை. அதன் விளைவு 1948இல் தெரிந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இந்நாட்டிற் பிறந்தவரும்கூடத் தம் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. லயத்துக் காம்பிராவில் அத்தகைய பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு வழி திறந்தது. அதன்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தும், குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே.

அந்த விண்ணப்பந்தான் இன்று நமக்குக் கிடைக்கும் முதற்பெரும் சான்று. இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததைக் காட்டும்பொருட்டு, எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதை விண்ணப்பகாரர் சொல்ல வேண்டியிருந்தது. பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் அதன் பிரதி இன்றும் கிடக்கிறது.

எங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருந்தது. 1951இல் என் பாட்டனார் பிறரைக் கொண்டு எழுதுவித்தது. ஹட்டன் பகுதித் தோட்டங்கள் மூன்றின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. இடையே ஒரு வரி: தாயார் நோயுற்றமையால் துறையூருக்கு அருகிலுள்ள தம் கிராமத்துக்குச் சென்று, 14 மாதம் கழித்துத் திரும்பியதாக. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை நீங்கியிருந்தால் வாசம் அறுந்ததாகக் கொள்வது சட்டம். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவர் எந்நாட்டுக் குடிமகனும் ஆகாமலே கண்மூடினார். தந்தையாருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் குடியுரிமை கிட்டியது. எங்கள் ஊர்ப் பெயரை எழுத்திற் காட்டுவது, பாட்டனாரின் வழக்கைக் கெடுத்த அந்த ஒரு வரிதான்.

பத்திரம் இல்லாத வீட்டார் கங்காணியைத் தேடுதல் வேண்டும். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் சுற்றூர்களிலுமிருந்தே, உறவினரையும் தம் சாதியினரையும் திரட்டி வந்தனர். ஆகவே கங்காணியின் ஊர் பெரும்பாலும் அவர்தம் கூட்டத்தாரின் ஊர். "நாம் யாருடைய கூட்டம்?" என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரையும் கேளுங்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்று நீலகிரியில் குடியேறிய உறவினர் இருப்பின், அவர்களுக்கும் எழுதுங்கள். பழைய தோட்டப் பாடசாலைகளின் சேர்வு இடாப்பு தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தரும். கரையான் அரித்த ஏடுகளாயினும் புறக்கணிக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் துறையூர்ப் பக்கம் சென்றேன். பாட்டனார் பெயரைச் சொன்னேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கங்காணியாரின் பெயரைச் சொன்னதும், திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, "கண்டிக்குப் போன கூட்டமா நீங்கள்?" என்றார். எழுந்து, கோலை ஊன்றிக்கொண்டு, தெருக்கோடியிலிருந்த ஒரு வேப்பமரத்தடிக் கோயிலுக்கு என்னை அழைத்துச் சென்றார். எங்கள் தோட்டத்து மலையுச்சியில் ஆண்டுதோறும் நாங்கள் பொங்கலிடும் அதே சாமி.