பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் கருவி

இதயம் திடீரென நின்று ஒருவர் சரிந்து விழுந்தால், சி.பி.ஆர். எனும் நெஞ்சு அழுத்த முதலுதவியும் மின்அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அருகில் இருப்பவரே மின்அதிர்ச்சி தரவேண்டும் என்பதற்காகவே பொது இடங்களில் ஏ.இ.டி. எனும் தானியங்கி மின்அதிர்ச்சிக் கருவிகள் வைக்கப்படுகின்றன.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதே இக்கருவிக்குத் தரப்படும் விளக்கம். கட்டடம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அது உண்மை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பதிவான 552 கருவிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டியது. 24 மணி நேரமும் எடுக்கக்கூடியவை 9.1 சதவீதமே. மற்றவை அலுவலகம், பள்ளி, விளையாட்டு அரங்கு போன்றவற்றின் வேலை நேரத்தோடு கட்டுண்டவை. பொது இடத்தில் இதயம் நின்றவர்களில் 61.8 சதவீதத்தினர் மாலை, இரவு, வார இறுதி நேரங்களில் விழுந்தவர்கள். அந்த நேரங்களில், 100 மீட்டருக்குள் கருவி இருப்பதாக வரைபடம் காட்டிய சம்பவங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், 53.4 சதவீதத்தில், கதவு மூடியிருந்தது. வேலைநாள் பகலில் இந்த விகிதம் 4.1 சதவீதம்தான். எத்தனை கருவிகள் வாங்கினோம் என்று அரசும் நிறுவனங்களும் சொல்லும் கணக்கு, எத்தனை உயிருக்குப் பாதுகாப்பு என்பதைச் சொல்வதில்லை.

சிகாகோ விமான நிலையங்களில் நிலைமை வேறு. கருவிகள் கண்ணில் படும் இடங்களில், 60 முதல் 90 விநாடி நடைதூரத்துக்கு ஒன்றாக மாட்டப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகளில் இதயம் தாறுமாறாகத் துடித்து விழுந்த 18 பேரில் 11 பேர் உயிர் மீண்டனர்.

ஆகவே, கருவியைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பெட்டியில் வைப்பதும், அது கிடைக்கும் நேரத்தையும் சேர்த்து அவசர அழைப்பு மையத்தில் பதிவதும் கருவி வாங்குவதற்கு இணையான முக்கியத்துவம் உடையவை. பதிவு இருந்தால், அழைப்பை எடுப்பவரே அருகிலுள்ள கருவிக்கு வழி சொல்ல முடியும்.

கருவியைப் பற்றி எழும் சில கேள்விகள்: பயிற்சி வேண்டுமா? கட்டாயமில்லை; மூடியைத் திறந்து இயக்கினால் கருவியே குரலில் வழி சொல்லும்.

பட்டைகளை எங்கே ஒட்டுவது? நெஞ்சைத் துடைத்துவிட்டு, ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழும்.

தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுத்துவிடுமா? துடிப்பின் தாளத்தைக் கருவி ஆராய்ந்து, அவசியமென்றால் மட்டுமே அனுமதிக்கும்.

அதிர்ச்சி கொடுத்தபின்? உடனே நெஞ்சு அழுத்தத்தைத் தொடர வேண்டும்.

பராமரிப்பு? பேட்டரிக்கும் பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.