வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை

வளையமாதேவி என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது 2023 ஜூலை 26 அன்று. பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் மண்வெட்டி எந்திரங்கள் பச்சை நெற்பயிருக்குள் இறங்கிய நாள் அது. அந்தப் படத்தைப் பார்த்து வயிறு எரியாத உழவர் இல்லை. அந்த நிலப் பிரச்சினையை இந்த இதழிலும் வெளியிலும் நிறையப் பேசியாயிற்று. இந்தக் கட்டுரை அதே ஊரின் இன்னொரு பக்கத்தைப் பற்றியது. வயலிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சந்தைக்கும் போகிற சாலையைப் பற்றியது.

வளையமாதேவி சேத்தியாத்தோப்பை ஒட்டிய ஊர். சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் இரண்டு பெரிய சாலைகள் வெட்டிக்கொள்கின்றன. ஒன்று விருத்தாசலம் – சிதம்பரம் சாலை. மற்றொன்று விக்கிரவாண்டியில் தொடங்கி பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகிற தேசிய நெடுஞ்சாலை. சுமார் 165 கி.மீ. நீளமுள்ள இந்தச் சாலையின் அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குழியும் புழுதியும் மாற்றுப்பாதையுமாக அந்த ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். சாலை அகலமானதும் வேறொரு ஆபத்து வந்து சேர்கிறது. முன்பு 50-ல் போன வண்டி இப்போது 90-ல் போகிறது. நம்ம டிராக்டரோ அதே 20-ல்தான் போகிறது.

மாட்டு வண்டி, டிராக்டர், கரும்பு டிரெய்லர், பால் கேன் கட்டிய மொபெட், கிடைக்குப் போகும் ஆட்டு மந்தை, தூக்குச்சட்டியோடு நடக்கும் நடவுப் பெண்கள் என்று உழவரின் போக்குவரத்து எல்லாமே மெதுவானது. மெதுவாகப் போவதில் தவறில்லை. வேகமாக வருகிறவன் கண்ணில் படாமல் மெதுவாகப் போவதுதான் உயிரை வாங்குகிறது.

தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இறந்தவர்கள் 17,884 பேர். நாளுக்கு 49 பேர். நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

மூன்று விநாடிக் கணக்கு

இரவு நேரம். உங்கள் டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போகிறது. டிரெய்லரில் பின்விளக்கு இல்லை. பின்னால் 80 கி.மீ. வேகத்தில் ஒரு கார். தாழ்த்திய முகவிளக்கில் அந்த ஓட்டுநருக்கு ஏறக்குறைய 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு வண்டிக்கும் உள்ள வேக வித்தியாசம் 60 கி.மீ., அதாவது விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். உங்களைப் பார்த்த பிறகு அவருக்குக் கிடைப்பது மூன்றே விநாடி. அதில் ஒன்றரை விநாடி, 'என்னமோ நிக்குதே' என்று புரிந்துகொண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே போய்விடும்.

டிராக்டர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தால் இன்னும் மோசம். 80-ல் வரும் கார் முழுதாக நிற்க நல்ல சாலையிலேயே 60 மீட்டர் வேண்டும். கண்ணுக்குத் தெரிவது 50 மீட்டர். ஓட்டுநர் குடிக்காதவர், தூங்காதவர், நல்லவர் என்றாலும் மோதித்தான் ஆக வேண்டும்.

டிரெய்லரின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையும், பக்கவாட்டில் மஞ்சள் பட்டையும், முன்பக்கம் வெள்ளைப் பட்டையும் ஒட்டியிருந்தால் வெகு தூரத்திலேயே அது மின்னும். 150 மீட்டரில் தெரிந்தால்கூட மூன்று விநாடி ஒன்பது விநாடி ஆகிவிடும். ஒரு மூட்டை உரத்துக்குச் செலவழித்த காசில் இது முடிகிற வேலை. ஒட்டியதோடு விட்டுவிடக் கூடாது. சேறும் சாணமும் படிந்தால் பட்டை மின்னாது. சாலைக்கு ஏறும் முன் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

அமெரிக்காவிலும் உழவர்கள் இப்படித்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் ஒரு முக்கோணச் சின்னத்தை வடிவமைத்தார்கள். நடுவில் பளிச்சென்ற ஆரஞ்சு, ஓரத்தில் இரவில் மின்னும் சிவப்பு. மெதுவாகப் போகும் பண்ணை வண்டிகளின் பின்னால் இதை மாட்டுவது பிறகு பல மாநிலங்களில் சட்டமாகவே ஆனது. நம்ம ஊர் லேத்துப் பட்டறையில் ஒரு தகட்டை முக்கோணமாக வெட்டி, சிவப்புப் பட்டை ஒட்டி மாட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

டிராக்டர் சாலை ஏறும் முன்

வயலில் சரியாக இருப்பது சாலையில் எமனாகும். முதலில் பிரேக். டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திருப்ப அவற்றைத் தனித்தனியாக மிதிப்போம். சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட மறந்து, வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் அந்தப் பக்கமே சுழன்று கவிழும். டிஃப்ரன்ஷியல் லாக்கையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பின்னால் மாட்டிய கருவி. ரோட்டவேட்டரையோ கொக்கிக் கலப்பையையோ தூக்கி மாட்டினால் டிராக்டரின் பின்விளக்கு மறைந்துவிடும். கருவியின் பின்னாலேயே சிவப்புப் பட்டை ஒட்டிவிடுங்கள். சேற்று உழவின் கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறக்கூடாது. சாலையும் கெடும், பிடிப்பும் இருக்காது.

கரும்பு வெட்டுக் காலத்தில் சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வண்டிகள் வரிசை கட்டும். அகலத்துக்கு மீறிப் பிதுங்கிய கரும்பு இருட்டில் மொபெட்காரர் முகத்துக்கு நேராக நிற்கும். 'ஒரு நடை மிச்சம்' என்று கூடுதலாக ஏற்றும் சுமைக்கு பிரேக் கட்டுப்படாது. அதே தை மாதத்தில்தான் சம்பா அறுவடை, விடியற்காலைப் பனி, வடலூர் தைப்பூசத்துக்கு நடந்து போகும் கூட்டம் எல்லாம் ஒன்றாகச் சேரும். முடிந்தவரை சூரியன் வந்த பிறகு வண்டியைக் கிளப்புவோம்.

வண்டி வழியில் நின்றுபோனால், சாலையை விட்டு முழுதாக இறக்கப் பாருங்கள். முடியாவிட்டால் 50 மீட்டர் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்க வேண்டும். தழையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வைப்பது நம்ம பழக்கம். இருட்டில் தழை தெரியாது. வண்டி கிளம்பிய பிறகு அந்தக் கல்லை யாரும் எடுப்பதுமில்லை. அடுத்து வருகிறவனுக்கு அதுதான் பொறி.

சாலை களம் ஆகாது

இனி, நாமே மற்றவர்களுக்கு ஆபத்தாகும் இடம். சாலையில் நெல் காயவைப்பது, உளுந்தும் வரகும் கேழ்வரகும் போட்டு வண்டியை ஏற விடுவது. 'களம் இல்ல, என்ன பண்றது?' என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தானியம் பரவிய தாரில் சக்கரம் குண்டுமணிமேல் ஓடுவதுபோல வழுக்கும். இருசக்கர வண்டி பிரேக் பிடித்த கணமே கீழே போகும். வைக்கோலும் செடியும் காரின் அடியில் சுற்றிக்கொண்டு, சூடேறித் தீப்பிடித்ததும் உண்டு. தானியத்தைச் சுற்றி அணைத்த பாறாங்கற்களை அள்ளும்போது விட்டுவிட்டுப் போனால், இரவில் அதில் மோதுவது பெரும்பாலும் நம்ம ஊர்ப் பையன்தான்.

இயற்கை உழவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு சொட்டு ரசாயனம் படாமல் மாப்பிள்ளைச் சம்பாவை வளர்த்து, கடைசியில் தார்ப்பிசுக்கிலும் டயர் தூளிலும் ஒழுகிய ஆயிலிலும் புரட்டி எடுத்தால் அதுவரை பட்ட பாடு என்ன ஆவது? விதை நெல் என்றால் நட்டம் இன்னும் பெரிது. விதை நெல்லைச் சுமார் 42 டிகிரி வெப்பத்துக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும் என்பது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரை. உச்சி வெயிலில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொடும். முளைப்புத்திறன் அங்கேயே செத்துப்போகும். சாப்பாட்டு நெல்லாக இருந்தாலும் அரிசி வெடித்து, ஆலையில் நொய் கூடும்.

தார்ப்பாயில் 2 முதல் 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிண்டிவிட்டு, உச்சி வெயிலில் மூடிவைப்பதே நல்ல உலர்த்தல். நிரந்தர வழி ஊர்ப்பொது உலர்களம். 100 நாள் வேலைத் திட்டத்தில் பல ஊராட்சிகளில் கட்டியிருக்கிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் இருக்கின்றன. 'எங்க ஊருக்கு உலர்களம் வேணும்' என்று எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

'இங்கன பக்கத்துலதானே!'

தலைக்கவசம் போடாததற்கு நாம் சொல்லும் காரணம் இதுதான். கொல்லைக்குப் போகும் வழி இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. 2022-ல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் இந்தியா முழுவதும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். சரியாக அணிந்த தலைக்கவசம் சாவு அபாயத்தைச் சுமார் 40 விழுக்காடும், கடுமையான காயத்தை 70 விழுக்காடும் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'சரியாக' என்றால், தாடைப்பட்டையை மாட்டி இறுக்கியது. பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் மனைவிக்கும் அது கட்டாயம். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

சுமையிலும் கவனம் வேண்டும். பாதி நிரம்பிய ஜீவாமிர்த கேன் வளைவில் அலம்பி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். முழுக்க நிரப்பி, ரப்பர் பட்டையால் இறுகக் கட்டுங்கள். மண்வெட்டியைக் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் கட்டுங்கள். அரிவாளின் வாயில் சாக்கைச் சுற்றுங்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்க சேலை கார்டு இருக்கிறதா பாருங்கள். கிடை ஆட்டை இரவில் ஓட்டிப் போகிறவர்கள் மந்தைக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச்சோடு நடக்க வேண்டும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை டிராக்டர் டிரெய்லரிலும் சரக்கு வேனிலும் நிற்கவைத்து ஏற்றிப் போவது நம்மிடம் சர்வ சாதாரணம். டிராக்டர் ஓட்டுநர் ஒருவருக்கான வண்டி, டிரெய்லர் சரக்குக்கானது. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-லேயே சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் அந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர். அவர் நிலத்தை விற்றாலும் போன உயிர் திரும்பாது. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. வேலை நேரத்தைப் பேருந்து நேரத்துக்கு அரை மணி தள்ளி வைத்தால் பல இடங்களில் இந்தச் சிக்கல் தீரும். பேருந்து இல்லாத ஊருக்கு, நாலு பண்ணைக்காரர்கள் சேர்ந்து பயணிகள் வேன் பேசிக்கொள்ளலாம்.

அடிபட்டவரைக் கண்டால்

'போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்' என்ற பயத்தில் ஒதுங்க வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்தை வளைக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தமிழ்நாட்டு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு. ஒரு லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பின்னர் இரண்டு லட்சமாக உயர்ந்தது. எந்த மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். உங்கள் பகுதியில் எந்த மருத்துவமனை இந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து, உழவர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள். விபத்து நடந்த பிறகு தேடுவதற்கு நேரம் இருக்காது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊரும் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம். ஊரிலுள்ள டிரெய்லர்கள் எத்தனை, அதில் பட்டை ஒட்டாதவை எத்தனை என்று எண்ணுங்கள். குழுப் பணத்தில் ஒரு சுருள் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வண்டிக்கும் ஒட்டிவிடுங்கள். மாட்டு வண்டியையும் சைக்கிளையும் விட்டுவிடாதீர்கள். அதில் வருகிறவர்தான் நம்மில் வயது மூத்தவர்.