பயிற்சியின் நடுவில் தாலி கட்டினால் வேலை போய்விடும், தெரியுமா?

விமானப் படையில் பயிற்சி பெறும் இளைஞர் பாதியில் கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும் தெரியுமா? வெளியே அனுப்பிவிடுவார்கள்! அதோடு விட்டதா? அதுவரை அரசு அவருக்காகச் செலவழித்த பணம் முழுவதையும் அவர் திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பம் போட்ட பிறகு தாலி கட்டினாலும் கதை முடிந்தது. தேர்விலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறியிருந்தாலும் இடம் கிடையாது. 25 வயதைத் தாண்டியவர் திருமணமானவராக இருந்தாலும் சேரலாம். ஆனால் பயிற்சி முடியும்வரை குடும்பத்துக்கு வீடு தர மாட்டார்கள். வெளியே வாடகைக்கு வீடு பிடித்துச் சேர்ந்திருக்கவும் அனுமதியில்லை!

சரி, விமானியான பிறகு கல்யாணம் ஆகிவிட்டது. அப்போதாவது பயிற்சி முடிந்ததா? அதுதான் இல்லை! மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கிய அந்தப் பள்ளி 1954-இல் நம் தாம்பரத்துக்கே வந்துவிட்டது. ஏற்கெனவே வானத்தை அளந்துவிட்டு வந்தவர்கள் இங்கே மறுபடி மாணவர்கள். புத்தகம், பரீட்சை, ஆசிரியரிடம் திட்டு, எல்லாம் முதலிலிருந்து. அப்படிப் படிக்கும் விமானியின் மனைவிக்குப் பிள்ளையின் பரீட்சையும் கணவரின் பரீட்சையும் ஒரே மாதத்தில் வரலாம்!

இதையெல்லாம் தாண்டிய ஆச்சரியம் மலையாள நடிகை லெனா. 2024 ஜனவரி 17-இல் அவருக்குத் திருமணம். மாப்பிள்ளை யார் என்று ஊருக்குச் சொல்லவில்லை! பிப்ரவரி 27-இல் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் வீரர்கள் நால்வரின் பெயர்களைப் பிரதமர் அறிவித்த பிறகுதான், குரூப் கேப்டன் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் தன் கணவர் என்று வெளியிட்டார். அந்த நான்கு விமானப் படை விமானிகளும் 2020-இலேயே ரஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போனவர்கள். அவர்கள் பெயர் நான்கு ஆண்டுகள் ரகசியம்! அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

நால்வரில் இன்னொருவரான சுபான்ஷு சுக்லா, 2025 ஜூன் 25-இல் விண்வெளிக்குப் போனாரே, அவர் வீட்டுக் கதை தெரியுமா? புறப்படுவதற்கு முன் நோய் தொற்றிவிடக் கூடாதென்று அவரைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். பார்க்க வந்த மனைவியும் மகனும் 8 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். உன் கையில் கிருமி இருக்கிறது, அதனால்தான் அப்பாவைத் தொடக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்லி வைத்தார்களாம். ஒவ்வொரு முறை வரும்போதும் கையைக் கழுவிக்கொள்ளட்டுமா என்று அது அம்மாவைக் கேட்டிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

போனவர் திரும்பும்வரை வீட்டில் காத்திருப்பது வடசென்னைக் காசிமேட்டின் மீனவக் குடும்பங்களுக்குப் புதிதா என்ன? விசைப்படகு கரை சேரும்வரை அடுப்பில் கவனம் நிற்காத வீடுகள் இங்கே எத்தனை! விமானமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இதே வடசென்னையின் செங்குன்றம் ஏரியில் இரண்டாம் உலகப் போரின்போது கேட்டலினா கடல் விமானங்கள் இறங்கி ஏறின, தெரியுமா? நாம் குடிக்கும் தண்ணீரின் மேல்தான்!

1856-இல் இதே வடசென்னையின் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அரக்கோணம் வழியாகத்தான் போனது. அதே அரக்கோணத்தில் 1992-இல் உருவான கடற்படைத் தளம் ஐ.என்.எஸ். ராஜாளி. கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்குவது அங்கேதான். 22 வாரப் பயிற்சி! 2024 ஜூன் 7-இல் அங்கே பயிற்சி முடித்த 21 அதிகாரிகளில் ஒருவர் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. மனைவி தரையிறங்கிவிட்டாரா என்று கடிகாரத்தைப் பார்க்கும் கணவர்களும் இனி கடற்படைக் குடியிருப்புகளில் இருப்பார்கள்!