பனிமலை ஏற எந்த பூட்ஸ்? எடைக்கு முன்னாடி காலைப் பாருங்க!

ஆல்ப்ஸ் மலையில் ‘ஸ்கீ டூரிங்’ போறவங்க லிஃப்ட்டை நம்புவதில்லை. சொந்தக் காலில் ஏறி, சறுக்கி இறங்க வேண்டும். ஏறும்போது பூட்ஸ் கணுக்காலில் மடங்கணும். இறங்கும்போது இறுகப் பிடிக்கணும். ஒரே பூட்ஸ் இரண்டையும் செய்யணும் என்பதுதான் சிக்கல்.

எடை: பந்தய பூட்ஸ் ஒன்று சுமார் 500 கிராம்தான். ஏறுவது சுலபம், ஆனால் கரடுமுரடான பனியில் இறங்கும்போது தடுமாறும். 1.2 முதல் 1.5 கிலோ வரை உள்ளவை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

மெட்டீரியல்: பாலியூரித்தேன் கனம், குளிரில் மேலும் விறைக்கும். பீபாக்ஸ், கிரிலமிட் லேசானவை. கார்பன் ஃபைபர் சேர்த்தால் உறுதி கூடும், விலையும்தான்.

ஃப்ளெக்ஸ் எண்: விறைப்பைக் காட்டும் இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 130, இன்னொன்றின் 110 போல இருக்கலாம். எண்ணை மட்டும் நம்பாதீங்க.

அளவு: 26.5 என்றால் 26.5 செ.மீ. நீளப் பாதத்துக்கானது. உள்ளே இருக்கும் லைனரைக் கழற்றிவிட்டு, விரல்நுனி முன்பக்கம் தொடும்படி நில்லுங்க. குதிகாலுக்குப் பின்னால் 1 முதல் 2 செ.மீ. இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் குதிகால் ஆடும், கொப்புளம் வரும்.

100 கிராம் குறைவு என்று பொருந்தாத பூட்ஸை வாங்கினால், பாதி மலையிலேயே திரும்ப வேண்டியதுதான்!